ஸ்டைல் மாறுகிற நாளில் அரை மணி நேரம்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்கள் கம்பெனி கேட்டில் ஒரு போர்டு தொங்குகிறது. ‘டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் உடனடியாகத் தேவை.’ அதை மாட்டி எத்தனை வருஷம் ஆகிறது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது. வெயிலில் சிவப்பு எழுத்து ரோஸ் ஆகி, கீழே இருக்கிற போன் நம்பரில் ஓர் எண் உதிர்ந்து, அப்படியும் கழற்றாமல் கிடக்கிறது. அவிநாசி ரோட்டில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இந்தப் போர்டுதான். காங்கேயம் ரோட்டிலும் இதே கதைதான். ஆள் பற்றாக்குறை என்று மேடை மேடையாகப் பேசுகிறீர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ரயிலாக ஆள் வந்து இறங்கியும் போர்டு இறங்கவில்லை.

வந்த ஆள் எங்கே போனார் என்று மட்டும் ஏனோ யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் சில விஷயங்கள் தெரியவரும் என்பதால் இதை எழுதுகிறேன். ஸ்டைல், அதாவது தைக்கிற உடையின் மாடல், மாறும்போது லைனில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேச அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 1998-ல் கைமடியாக இந்த ஊருக்கு வந்தவள் நான். டெய்லர் பக்கத்தில் நின்று, தைத்து விழுகிற துணியை எடுத்து, அடுத்த மெஷினுக்கு ஏற்ற மாதிரி மடித்து நீட்டுகிற வேலை. அப்புறம் செக்கிங், அப்புறம் துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் டெய்லர், அப்புறம் லைன் சூப்பர்வைசர். இப்போது சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை பார்க்கிறேன். நடுவில் தொலைதூரக் கல்வியில் பி.பி.ஏ. முடித்தேன்.

ஒரு திங்கட்கிழமையைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இன்றைக்கும் ஓடுகிற கம்பெனி, கெட்டவர்கள் நடத்துகிற கம்பெனியும் இல்லை. நான் அப்போது அங்கே ஓவர்லாக். எங்கள் லைனில் ஐந்து வாரமாக ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வாரம் ஒரே ஸ்டைல் ஓடினால் விரலுக்குக் கண் முளைத்துவிடும். ஷோல்டர் அடிக்கிற அக்கா, சம்பந்தி வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே அடிப்பார், துணியைப் பார்க்கவே மாட்டார். அந்த மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவதற்கு முன்பே மெஷின் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் போனால் மெஷின்கள் இடம் மாறியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து நகர்த்தி வைத்திருக்கிறார். டேபிள்மேல் வேறு துணி. காலர் வைத்த டி-ஷர்ட், முன்பக்கம் பட்டன் பட்டியோடு, அதாவது பிளாக்கெட்டோடு. சூப்பர்வைசர் ஒரு சாம்பிளைத் தூக்கிக் காட்டினார். “இனி இதுதான். பிளாக்கெட்டு நேரா வரணும். பையர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. ஆரம்பிங்க.” மொத்த அறிவிப்பும் ஒரு நிமிஷம்கூட இல்லை.

பிளாக்கெட்டைச் சிங்கர் டெய்லர், அதாவது ஒற்றை ஊசி மெஷினில் தைக்கிறவர், ஒருவரிடம் கொடுத்தார்கள். ரவுண்ட் நெக் ஓடும்போது அவருக்கு லேபிள் வைப்பதும் கழுத்துக்கு டேப் அடிப்பதும்தான் வேலை. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் பிளாக்கெட்டில் அடிமுனையில் ஒரு நூல் தள்ளி மடங்கினாலும் பட்டி கோணிக்கொள்ளும், பக்கத்தில் சுருக்கம் விழும். முதல் மணி நேரத்தில் அவர் கையிலிருந்து வந்தது ஒன்பது பீஸ். அதில் ஆறு ஆல்டர், பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியவை. பதினொரு மணி டீக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை, குனிந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் வந்து நின்று, லைனில் நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, “பதினஞ்சு வருஷம் சர்வீசுன்னு சொன்னீங்க?” என்றார். சொன்ன சூப்பர்வைசரைவிட அந்த டெய்லர் பத்து வயதாவது மூத்தவர்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த வாரம் வரவில்லை. அவரோடு சேர்த்து அந்த வாரம் லைனில் மூன்று பேர் வேலையை விட்டு நின்றார்கள். பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்குப் பத்து ரூபாய் கூட என்று போய்விட்டார்கள் என முதலாளி காதுக்குச் செய்தி போனது. பிறகு ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். புது இடத்திலும் அதே சம்பளம்தானாம். “தொழில் தெரியாதவனாட்டம் நிக்க வெச்சுட்டாங்க அம்மணி” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து பி.பி.ஏ.வில் நிறுவன நடத்தை என்று ஒரு பேப்பர் வந்தது. மாஸ்லோ என்ற உளவியலாளரில் தொடங்கி, பத்து மார்க் கேள்விக்குப் பத்துப் பாயின்ட் என்று நெட்டுரு போடுகிற பாடம். அதில் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்ற தலைப்புக்குக் கீழே நாலு வரியில் ஹார்வுட் என்று ஒரு கம்பெனி. பைஜாமா தைக்கிற கம்பெனி என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தேடிப் பிடித்து முழுக் கதையையும் படித்தேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மாரியன் என்று மலைப்பாங்கான ஒரு சிற்றூர். ஹார்வுட்டின் தொழிற்சாலை அங்கே. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், சம்பளம் பீஸ் ரேட், முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. அதை நடத்திய ஆல்ஃபிரட் மாரோ உளவியல் படித்தவர். 1939-ல் கர்ட் லெவின் என்ற பெரிய உளவியலாளரைத் தன் கம்பெனிக்கு வரவழைத்தார். அவர்களுக்கும் தலைவலி ஸ்டைல் மாற்றம்தான். வேலை மாற்றப்பட்டவர்களுக்கு வருமானம் குறையாமல் தனி போனஸ் கொடுத்தும் பார்த்தார்கள். அப்படியும் மாற்றப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினர்தான் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பினார்கள். மீதி 62 விழுக்காட்டினரில் சிலர் வேலையை விட்டார்கள், மற்றவர்கள் கடைசிவரை குறைவாகவே ஓட்டினார்கள்.

லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்து 1948-ல் எழுதினார்கள். மாற்றம் என்றால் பெரிய மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்ன் செய்கிற 18 பேர் கொண்ட ஒரு குழு. முன்பு அரை டஜனாக அட்டைமேல் அடுக்குவார்கள், இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். நிர்வாகமே எல்லாம் முடிவு செய்து, புது ரேட்டும் போட்டு, கூட்டம் வைத்து விளக்கியது. சந்தையில் போட்டி, அதனால் மாற்றம் என்று காரணமும் சொன்னார்கள், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள். நம் திங்கட்கிழமையோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனாலும் மணிக்கு 60 என்ற இலக்குக்குப் பதில் 50-ஐ ஒட்டியே நின்றது எண்ணிக்கை. 40 நாளுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். 18 பேரில் அது மூன்று பேர். எங்கள் லைனில் நின்றதும் மூன்று பேர்.

பிசிறு வெட்டிச் செக்கிங் பார்க்கிற இரண்டு குழுக்கள், ஒன்றில் 8 பேர், இன்னொன்றில் 7 பேர். இவர்களிடம் வேறு மாதிரி போனார்கள். ஒரே மாதிரியான இரண்டு உடைகளை முன்னால் வைத்தார்கள். ஒன்று 1946-ல் தைத்தது, மற்றது 1947-ல் தைத்தது. பழையது விற்ற விலை புதியதைப்போல் இரண்டு மடங்கு. விலை குறைந்தது எது, கண்டுபிடியுங்கள் என்றார்கள். யாராலும் முடியவில்லை. ஏன் செலவைக் குறைக்க வேண்டும் என்பது அந்த இடத்திலேயே கையில் பட்டுவிட்டது. பிறகு, எந்த வேலையை விடலாம், எப்படி மாற்றலாம் என்று அவர்களையே கேட்டார்கள். குறிப்பு எடுத்தவரால் எழுதி மாளாத அளவுக்கு யோசனைகள் வந்து விழுந்தனவாம். அந்தக் குழுக்கள் சில நாளிலேயே பழைய எண்ணிக்கையைப் பிடித்து, அதற்கும் மேலே 14 விழுக்காடு வரை போயின. 40 நாளில் ஒருவரும் நிற்கவில்லை.

என்னை உலுக்கியது அடுத்து வந்த பகுதி. அந்த 18 பேரில் எஞ்சிய 13 பேரை இரண்டரை மாதம் கழித்து வேறு வேலைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை அவர்களையும் கலந்து பேசி மாற்றினார்கள். அதே ஆட்கள், முரண்டு பிடிக்கிறார்கள் என்று பெயர் வாங்கியவர்கள், சீக்கிரமாகவே புது வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் நிற்கவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு இதை நம்பச் சொல்லவில்லை. குழுக்கள் சின்னவை, ஒவ்வொரு குழுவும் செய்த வேலை வேறு. நார்வேயில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இதே மாதிரி செய்து பார்த்து 1960-ல் வெளியிட்டார்கள், அங்கே உற்பத்தி கூடவில்லை. ஆட்களிடம் விட்ட முடிவுகள் உற்பத்தியை நேராகத் தொடுகிறவையாக இல்லை என்பதை ஆய்வாளர்களே ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொரியா லட்டா என்று லைனைக் கேட்டுவிட்டு, கலந்து பேசித்தான் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, அந்தச் சூப்பர்வைசர் கெட்டவரா? இரண்டு வருஷத்தில் நானே அந்த இடத்தில் நின்றேன், அதனால் சொல்கிறேன், இல்லை.

லைனில் வேகமான டெய்லர் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பி.எம்., அதாவது புரொடக்‌ஷன் மேனேஜர், கூப்பிட்டு, “திங்கக்கிழமையிலிருந்து லைனை நீ பாத்துக்கம்மா” என்றார். ஒரு லாங் சைஸ் நோட்டு, ஒரு பேனா. மெஷினுக்கு ஊசி மாற்ற, நூல் டென்ஷன் பார்க்க, எண்ணெய் விட எனக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்த ஊர் இது. நாற்பது மனுஷரைப் பார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. பழைய இடத்துக்குப் போனால் பேச்சு நின்றுவிட்டது. ஆபீஸ் பக்கம் போனால் அவர்களுக்கு நான் இன்னும் டெய்லர்தான். கடைசியில் வெட்டிய துணிக்கட்டுகளை வைக்கிற பண்டில் ரூமில் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். மணிக்கொருமுறை போர்டில் எண்ணிக்கை எழுத வேண்டும். குறைந்தால் பி.எம். போன். அவருக்கு ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் போன், மெர்ச்சண்டைசருக்கு ஆர்டர் கொடுத்த பையர் மெயில். மேலேயிருந்து இறங்கி வந்த திட்டு என் கையில் வந்து நின்றது, நான் அதை அப்படியே கீழே இறக்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கத்தினால் அந்த மணி நேரம் எண்ணிக்கை ஏறும். உண்மையாகவே ஏறும். அதனால்தான் இந்தப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. மறுநாள் செக்கிங் டேபிளில் ஆல்டர் குவியும்போது, அதை நேற்றைய கத்தலோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு மெஷின் காலியாக இருந்தால் அது ஹெச்.ஆர். தலைவலி ஆகிவிடுகிறது. கத்தியவருடைய நோட்டில் எண்ணிக்கை ஏறியது மட்டும்தான் இருக்கும்.

லைன் எந்த வேகத்தில் ஓடும் என்பதை நீங்களும், நேரக் கணக்குப் போடுகிற இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரான ஐ.இ.யும், ஸ்டாப் வாட்ச்சும் தீர்மானிப்பதாக நினைக்கிறீர்கள். பாதிதான் உண்மை. என் லைனுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், பேட்லாக் மெஷின் டெய்லர். இரண்டே வாரத்தில் அவளைப்போல வேகமான கை கிடையாது. மூன்றாவது வாரம் எண்ணிக்கை சரிந்தது. மெஷின் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். உடம்புக்கு முடியவில்லையா என்று அவளைக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் வயதான கைமடி அம்மா ஒருவர், யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்: “ஏனுங்க, அவ அடிக்கறதப் பாத்து நாளைக்கு எல்லாருக்கும் அதே டார்கெட் போட்ருவீங்கல்ல? அதான் அவளுக்குப் பண்டில் மெதுவாப் போகுது.”

ஹார்வுட் கட்டுரையிலும் இவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். அயர்ன் செய்கிறவள். இலக்கைத் தாண்டப் போன சமயத்தில் மற்றவர்கள் அவளைக் குத்திப் பேச ஆரம்பித்தார்கள், எண்ணிக்கை 45 பக்கம் இறங்கிவிட்டது. பிறகு அந்தக் குழுவைக் கலைத்து அவளைத் தனியாக விட்டபோது, நாலே நாளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையிலும் 1931-32-ல் 14 ஆண்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. தாண்டினவனுக்குத் தோள் பக்கம் ஒரு குத்து. ரொம்பக் குறைத்தவனுக்கும் பேச்சு விழும். மேலே போய்ச் சொன்னவனை யாரும் சேர்க்க மாட்டார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் கைமடி அம்மா சொன்னது பொய்யா? ஒரு டெய்லர் மணிக்குப் பத்து பீஸ் கூட அடித்தால் அடுத்த வாரம் அதுவே எல்லோருக்கும் டார்கெட் ஆவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நானே ஆக்கியிருக்கிறேன். அனுபவத்தில் கற்றுக்கொண்டதை வைத்து அவர்கள் நடந்துகொள்கிறார்கள். ஒரு ஸ்டைலுக்குப் பேசி வைத்த இலக்கை, அந்த ஸ்டைல் முடிகிறவரை ஏற்ற மாட்டோம் என்று ஒரு வார்த்தை கொடுங்கள், கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். உங்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். இந்த மடலிலேயே கஷ்டமான வேண்டுகோள் இதுதான்.

நம் நாட்டு உதாரணம் வேண்டும் என்றால் அகமதாபாத் இருக்கிறது. அங்கே காலிகோ மில்லில் ஆட்டோமேட்டிக் தறி போட்டார்கள். 224 தறி இருந்த ஷெட்டில் வேலையை 12 வகையாகப் பிரித்து, இவர் இதை மட்டும் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். புதுத் தறி, ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி இல்லை. 1953-ல் லண்டனிலிருந்து ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் வந்தார். குறிப்பிட்ட சில தறிகளை ஒரு சின்னக் குழு முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனையைப் பேச்சுக்கு வைத்தார். தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோடு என்று அவர்களே குழு பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தியும் ஏறியது, டேமேஜும் குறைந்தது. நம் லைன் வேறு, தறி ஷெட் வேறு, அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் ‘அவங்களுக்கு என்னங்க தெரியும்’ என்று ஆரம்பிக்கும்போது அந்த ஷெட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் பயிற்சியில் சொன்னால், ஒரு சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். ‘அப்ப சம்பளம் ஒரு விஷயமே இல்லைங்கறீங்க.’ அப்படி நான் சொல்லவே இல்லை. உற்சாகம் தருவது சம்பளம் அல்ல, வேலையே என்கிற மாதிரி ஹெர்ஸ்பர்க் என்பவர் 1959-ல் எழுதியதைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர் பேசிப் பார்த்தது பிட்ஸ்பர்க் பக்கத்து இன்ஜினியர்களிடமும் கணக்காளர்களிடமும். வாடகைக்கும் சீட்டுக்கும் சனிக்கிழமையை எண்ணுகிற சிங்கர் டெய்லரிடம் இல்லை. இந்த ஊரில் 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது பஞ்சப்படிக்காக. கூலி ஒப்பந்தப்படி கொடுப்பதையும், பி.எஃப். பிடித்ததைக் கட்டுவதையும், கழிவறையில் தண்ணீர் வருவதையும் நான் இங்கே பேசவே வரவில்லை. அவை முடிந்த பிறகு வருகிற பேச்சு இது.

அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். சூப்பர்வைசராக நானே முயற்சி செய்தேன், முதல் தடவை கேவலமாகத் தோற்றேன். பி.எம்.மைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “எல்லாரும் உங்க கருத்தச் சொல்லுங்க” என்றேன். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். எப்போதும் பேசுகிற இரண்டு பேர் பேசினார்கள். ஹிந்திக்காரப் பையன்களுக்கு நான் பேசியது பாதி புரியவில்லை. அரை மணி நேரம் வீண் என்று பி.எம். சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த ஸ்டைல் மாறும்போது அவரை வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை மதியமே சாம்பிள் நாலை வாங்கி, லைனில் கைக்குக் கை கொடுத்துவிட்டேன். கருத்து என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. “இதுல எந்த இடம் படுத்தும்?” என்று மட்டும் கேட்டேன். ஹிந்தி தெரிந்த அயர்ன் மாஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் போனது. சாம்பிளை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கைமடிப் பெண், அதுவரை லைனில் வாயே திறக்காதவள், சொன்னாள்: கட்டிங்கிலிருந்து பட்டியை உள்பக்கம் மேலே இருக்கிற மாதிரி கட்டி அனுப்புகிறார்கள், டெய்லர் ஒவ்வொன்றையும் திருப்பிப்போட்டுத்தான் தைக்க வேண்டியிருக்கிறது, கட்டும்போதே திருப்பிக் கட்டினால் என்ன? கட்டிங் மாஸ்டருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். அப்புறம் பேச்சு பிடித்துக்கொண்டது. பிளாக்கெட்டுக்கு யாரை உட்கார வைக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள், நான் மனதில் வைத்திருந்த ஆள் இல்லை. முதல் இரண்டு நாள் மணிக்கு எத்தனை வந்தால் போதும் என்றும் அவர்களே ஒரு எண்ணிக்கை சொன்னார்கள். ஐ.இ. போட்டதைவிடக் குறைவு, நான் பயந்ததைவிட அதிகம்.

எண்ணிக்கை பறந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். வழக்கமாக ஐந்தாவது நாள் வருகிற எண்ணிக்கை மூன்றாவது நாள் வந்தது. அந்த ஸ்டைல் முடிகிறவரை யாரும் நிற்கவில்லை. ஒரு லைனில் ஒரு தடவை நடந்ததை ஆராய்ச்சி என்று நான் சொல்லமுடியாது. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். நாற்பது பேருக்கு அரை மணி என்றால் 20 மணி நேர உழைப்பு. அந்தப் பழைய திங்கட்கிழமை, பிளாக்கெட் மணிக்கு ஒன்பது வந்துகொண்டிருக்க, காலர் வைக்கிறவரிலிருந்து பேக்கிங் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்குள்ளேயே அந்த 20 மணி நேரம் போய்விட்டது.

இன்னொன்று, லைனுக்கு விஷயத்தைச் சொல்வது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்ட சமயம் உங்கள் கேபினில் என்ன பதற்றம் இருந்தது என்று எனக்குத் தெரியும். லைனில் அதைவிடப் பெரிய பதற்றம் இருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. ‘தீபாவளியோட மூடறாங்களாமா’ என்று ஒரு பேச்சு கிளம்பி, ஊருக்கு டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி மட்டும் சாயங்கால டீ நேரத்தில் இறங்கி வந்து, கட்டிங் டேபிளில் சாய்ந்து நின்று சொன்னார்: “அமெரிக்கா ஆர்டர் பாதி நிக்குது. இந்த லைனுக்கு டிசம்பர் வரைக்கும் ஐரோப்பா ஆர்டர் இருக்கு. அதுக்கப்பறம் எனக்கே தெரியலை. தெரிஞ்சா வந்து சொல்றேன்.” நல்ல செய்தி ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் டிக்கெட் போட்டவர்களில் பல பேர் அதை ரத்து செய்தார்கள்.

இனி என் வேண்டுகோள். சூப்பர்வைசர் ஆக்குகிற ஆளுக்கு, ஆக்குவதற்கு முன்னால் ஒரு வாரம் பயிற்சி கொடுங்கள். தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது எப்படி, புது ஆளை முதல் நாள் யார் பக்கத்தில் உட்காரவைப்பது, மேலேயிருந்து வருகிற திட்டில் எவ்வளவைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வரும். எனக்கு வந்தது. அவர் நோட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘இந்த மாதம் வேலையை விட்டு நின்றவர்கள்’ என்று ஒரு கட்டமும் போடச் சொல்லுங்கள். நின்றவருக்கு ஒரு வாரம் கழித்து, சூப்பர்வைசர் அல்லாத யாராவது போன் செய்து ஏன் என்று கேட்கட்டும்.

இதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தோன்றினால் ஒன்றே ஒன்று. அடுத்து எந்த லைனில் ஸ்டைல் மாறுகிறது என்று இன்றைக்கு உங்கள் பி.எம்.மைக் கேளுங்கள். சனிக்கிழமை மதியம் அந்த லைனுக்கு நாலு சாம்பிளும் அரை மணி நேரமும் கொடுங்கள். நீங்கள் கீழே இறங்கி வரவேண்டாம், வந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பி.எம்.மையும் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டீயை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி
திருப்பூர்